கோவைக்குள் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள்: அட்சரேகை, தீர்க்கரேகை – முழுமையான வழிகாட்டி

கோயமுத்தூர் திருச்சி ரோட்டுப் பக்கம், ராமநாதபுரத்துக்கும் சிங்காநல்லூருக்கும் இடைப்பட்ட பகுதியில் 11° வட அட்சரேகையும் 77° கிழக்குத் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்கின்றன. பின்னம் ஏதுமில்லாத முழு டிகிரிக் கோடுகள் இரண்டு, ஒரு மாநகருக்குள்ளேயே சந்திப்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. எந்த ஊரின் எண்ணைப் பார்த்தாலும் 11-லிருந்து எவ்வளவு தள்ளி, 77-லிருந்து எவ்வளவு தள்ளி என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடலாம்.

திருப்பூர் 11.11, 77.34. முதல் எண் 11-ஐவிடக் கொஞ்சம் கூடுதல், ஆகவே கோவைக்குக் கொஞ்சம் வடக்கே. இரண்டாவது எண் 77-ஐவிட மூன்றில் ஒரு பங்கு டிகிரி கூடுதல், ஆகவே நன்றாகக் கிழக்கே தள்ளி. பொள்ளாச்சி 10.66, 77.01: கோவைக்கு ஏறத்தாழ நேர் தெற்கு. பல்லடமும் காங்கயமும் 11° கோட்டிலேயே ஒட்டிக் கிடக்கின்றன. கோபி 11.45, 77.44. உடுமலை 10.58, 77.25. இந்த ஐந்தாறு ஊர்களை ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இவை கோணங்கள்

பள்ளிக்கூடத்தில் இவற்றைக் "கற்பனைக் கோடுகள்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கோட்டை மறந்துவிட்டுக் கோணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூமியின் மையத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நிலநடுக்கோட்டைப் பார்த்து ஒரு கோல் நீட்டுகிறோம். அதே கோலை வடக்குப் பக்கமாக 11° தூக்கினால் அதன் நுனி பூமியின் மேற்பரப்பில் எங்கே முட்டுமோ அதுவே 11° வட அட்சரேகை. கோலை அதே சாய்வில் வைத்துச் சுற்றி வந்தால் ஒரு முழு வட்டம் கிடைக்கும். கோவையில் நிற்கும் அந்த வட்டம் மேற்கே மன்னார்க்காட்டு வழியாக மலப்புரம் கடற்கரையில் அரபிக்கடலைத் தொடும். கிழக்கே காங்கயம், கரூர்ப் பக்கம் கடந்து தரங்கம்பாடி அருகே வங்கக்கடலில் இறங்கும். வடக்கே போகப் போக வட்டம் சுருங்கும். 90°-யில் வெறும் புள்ளி, அதுதான் வடதுருவம்.

தீர்க்கரேகை வேறு மாதிரி. பூசணிக்காயின் மேலே காம்பிலிருந்து அடிவரை ஓடும் வரிகளைப் பாருங்கள். எல்லா வரிகளும் ஒரே நீளம், இரண்டு முனையிலும் ஒன்றுசேரும், நடுவில்தான் இடைவெளி அதிகம். அட்சரேகைக்கு நிலநடுக்கோடு என்ற இயற்கையான தொடக்கம் உண்டு. தீர்க்கரேகைக்கு அப்படி ஏதுமில்லை, எங்காவது ஓர் இடத்தைச் சுழி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1884-ல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு லண்டனை அடுத்த கிரீனிச்சைச் சுழியாக ஏற்றது. அங்கிருந்து பூமியின் அச்சைச் சுற்றிக் கிழக்கே 77° திரும்பினால் நம்ம பீளமேடும் பொள்ளாச்சியும். கிழக்கே 180°, மேற்கே 180° வரை எண்ணுவார்கள்.

அட்சரேகையை வானத்தைப் பார்த்தே அளந்துவிடலாம், கோணம் அளக்கத் தெரிந்தால் போதும். தீர்க்கரேகைக்குக் கடிகாரமும் வேண்டும், ஏனென்றால் அது பூமி எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பதன் கணக்கு. மாலுமிகள் நூற்றாண்டுக் கணக்கில் வடக்கு தெற்கு தெரிந்தும் கிழக்கு மேற்கு தெரியாமல் திண்டாடியதற்கு இதுவே காரணம். கடலில் ஆடினாலும் நேரம் தவறாத கடிகாரம் 18-ஆம் நூற்றாண்டில்தான் கைக்கு வந்தது.

எண்ணை எழுதும் மூன்று வழிகள், அவற்றில் விழும் குழி

கோயமுத்தூர் நகர மையத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் எண் 11.0168, 76.9558. இது தசம முறை. போனும் கூகுள் மேப்பும் இதைத்தான் காட்டும். பழைய வரைபடங்களும் அரசு ஆவணங்களும் டிகிரி, நிமிடம், விநாடி என்று எழுதும். 1 டிகிரிக்கு 60 நிமிடம், 1 நிமிடத்துக்கு 60 விநாடி. இவை கோணத்தின் நிமிடமும் விநாடியும். கடிகாரத்தோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க இங்கே கோண நிமிடம், கோண விநாடி என்றே சொல்வோம்.

தசமத்திலிருந்து மாற்றும் முறை: 76.9558-ல் முழு எண் 76, அது டிகிரி. மிச்சம் 0.9558-ஐ 60-ஆல் பெருக்கினால் 57.348, 57 என்பது கோண நிமிடம். மிச்சம் 0.348-ஐ மறுபடி 60-ஆல் பெருக்கினால் 20.9, அது கோண விநாடி. ஆக 76° 57′ 21″. திருப்பிப் போக, விநாடியை 3600-ஆலும் நிமிடத்தை 60-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்டினால் போதும்.

மூன்றாவது முறை டிகிரியும் தசம நிமிடமும்: 76° 57.348′. சில கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் முதலில் இந்த முறையில்தான் எண் காட்டும். அமைப்பில் போய் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றாமல் எழுதிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம்.

அதிகம் நடக்கும் தப்பு: 11° 30′ என்பதை 11.30 என்று எழுதுவது. சரியான தசமம் 11.50. இந்த 0.2° வித்தியாசம் தரையில் 22 கி.மீ. சத்தியமங்கலத்துக்கு அனுப்ப வேண்டிய வண்டி மேட்டுப்பாளையத்து மட்டத்துக்கே வந்து நின்றுவிடும்.

அடுத்த தப்பு வரிசை மாறுவது. அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு என்பது மேப்பில் தேடும்போது உள்ள வழக்கம். மாற்றிப் போட்டு 77, 11 என்று தேடினால் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே தண்ணீரில் புள்ளி விழும். அப்படி நீலத் திரை வந்தால் பதற வேண்டாம், இரண்டு எண்ணையும் இடம் மாற்றுங்கள். ஆனால் மேப்புக்கான புள்ளிகளையும் கோடுகளையும் சேமிக்கும் கேஎம்எல் (KML) போன்ற கோப்புகளில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். ட்ரோன் சர்வே செய்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். கொங்குப் பகுதியைப் பொறுத்தவரை ஒரு சுருக்கு வழி உண்டு: 10, 11, 12-ல் தொடங்குவது அட்சம், 76, 77, 78-ல் தொடங்குவது தீர்க்கம். இதற்கு வெளியே வந்தால் எங்கோ கோளாறு.

ஒரு டிகிரி எத்தனை கிலோமீட்டர்?

வடக்கு தெற்காக 1° என்பது நம்ம பகுதியில் 110.6 கி.மீ. துருவத்தருகே இது 111.7 ஆகும், பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால். கிழக்கு மேற்காக 1° நிலநடுக்கோட்டில் 111.3 கி.மீ.; 11° அட்சத்தில் 109.3 கி.மீ.; டெல்லியில் சுமார் 98; 60° அட்சத்தில் பாதிதான். கணக்கிட, 111.3-ஐ அட்சக்கோணத்தின் கோசைனால் பெருக்க வேண்டும். கோசைன் 11° = 0.9816. ஒரு கோண நிமிடம் நமக்குச் சுமார் 1.8 கி.மீ., ஒரு கோண விநாடி சுமார் 30 மீட்டர்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வேண்டும் என்பது இதிலிருந்தே வரும். முதல் இலக்கம் 11 கி.மீ. மதிப்புள்ளது. இரண்டாவது 1.1 கி.மீ., ஊரைச் சொல்ல இது போதும். மூன்றாவது 110 மீட்டர், வீதி. நான்காவது 11 மீட்டர், வீட்டு வாசல். ஐந்தாவது 1.1 மீட்டர், கிணற்றடி. ஆறாவது 11 செ.மீ.; சாதாரணப் போன் அந்த அளவுக்குத் துல்லியமே கிடையாது, எண்ணை மட்டும் காட்டும். பத்து இலக்கம் எழுதி அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை.

கோவைக்கும் ஈரோட்டுக்கும் நேர்த் தூரம் கண்டுபிடித்துப் பார்ப்போம். ஈரோடு 11.3410, 77.7172. அட்ச வித்தியாசம் 0.3242, அதை 110.6-ஆல் பெருக்க 35.9 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 0.7614, அதை 109.2-ஆல் பெருக்க 83.1 கி.மீ. (இரண்டு ஊருக்கும் நடு அட்சத்தை எடுத்ததால் 109.2.) இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 90.5 கி.மீ. ரயில் பாதை சுமார் 100 கி.மீ., ஆகவே விடை பொருந்துகிறது. இந்தப் பிதாகரஸ் கணக்கு ஓரிரண்டு நூறு கிலோமீட்டர் வரை தாராளமாகத் தாங்கும். சிங்கப்பூர், துபாய் என்று போகும்போது பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் வேறு சூத்திரம் வேண்டும்.

தீர்க்கரேகையும் கடிகாரமும்

பூமி 24 மணி நேரத்தில் 360° சுழல்கிறது. அப்படியானால் 15°-க்கு ஒரு மணி நேரம், 1°-க்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5° கிழக்குக்கு வைத்தது. 1906 ஜனவரி 1 முதல் அந்தக் கோடுதான் நாட்டுக்கே கணக்கு. கோவை அதற்கு 5.54° மேற்கே இருப்பதால், நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. சராசரியாக 12:22-க்கு. தரங்கம்பாடி இதே அட்சத்தில் 2.9° கிழக்கே இருப்பதால் அங்கே எல்லாம் 11 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக முந்தி நடக்கும்.

சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு கோவையில் நேரம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 80.27-லிருந்து 76.96-ஐக் கழித்தால் 3.31°, நான்கால் பெருக்கினால் 13 நிமிடம். ஜாதகம் எழுதுபவர் பிறந்த ஊரை விடாப்பிடியாகக் கேட்பதற்கும் காரணம் இந்தக் கணக்கே.

டெல்லியின் தீர்க்கம் 77.2. கோவைக்கும் டெல்லிக்கும் நண்பகல் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரும். ஆனால் பகல் நீளம் ஒன்றல்ல, அது அட்சத்தின் வேலை. ஜூன் 21-ல் கோவைக்குப் பகல் ஏறத்தாழ 12 மணி 46 நிமிடம். டெல்லிக்கு 14 மணிக்குக் கொஞ்சம் குறைவு.

மொட்டை மாடியில் உங்கள் ஊரின் இரண்டு எண்களையும் அளப்பது

போன் இல்லாமல், நிழலையும் கடிகாரத்தையும் மட்டும் வைத்து இதைச் செய்யலாம். கவனமாகச் செய்தால் 10–20 கி.மீ. துல்லியம் கிடைக்கும். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் ஒருநாள் செலவழித்தால் பாடப்புத்தகம் மொத்தமும் புரிந்துவிடும் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறோம்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு. ஆனி, ஆடி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் நூல் ஆடும், மேகமும் விடாது.

வழக்கமாக ஒரு குச்சியை நடச் சொல்வார்கள். குச்சி 1° சாய்ந்தால் விடையில் 110 கி.மீ. தவறு வரும், அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதோடு சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலம் கொண்டிருப்பதால், 1 மீட்டர் குச்சியின் நிழல் நுனி 9 மி.மீ. அகலத்துக்கு மங்கலாக விழும். ஆகவே குச்சிக்குப் பதில் ஓட்டை போட்ட தகடு.

தேவையானவை: உள்ளங்கை அளவு தகரத் தகடு, நடுவில் 5 மி.மீ. ஓட்டை, அதைத் தாங்க உயரமான ஸ்டூல் அல்லது ஏணி, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு, ரசமட்டம், 4 அடிக்கு 4 அடி ப்ளைவுட் பலகை, ஸ்டீல் அளவுகோல், நூலும் பென்சிலும், விநாடி காட்டும் போன் கடிகாரம்.

1. பலகையை மாடியில் போட்டு ரசமட்டத்தை வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் வைத்து, அட்டைத் துண்டுகளைச் செருகிச் சமன் செய்யுங்கள். இதை விடவே கூடாது. மழைத்தண்ணீர் ஓட மாடியில் வாட்டம் கொடுத்திருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று வாட்டம் இருந்தால்கூட, 62 செ.மீ. நிழலில் 4 மி.மீ. மாறி, விடை 18 கி.மீ. விலகும்.

2. தகடு படுக்கைவாட்டில், பலகையின் தெற்கு ஓரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கட்டும். ஸ்டூலின் நிழல் பலகையில் விழாதபடி ஸ்டூலைத் தெற்கே தள்ளி வையுங்கள். ஓட்டையின் உயரம் பலகையிலிருந்து சரியாக 100 செ.மீ.

3. ஓட்டை வழியாகத் தூக்குக்குண்டை இறக்கி, அது காட்டும் இடத்தில் அடிப்புள்ளி வையுங்கள். பிறகு குண்டை எடுத்துவிடலாம்.

4. தகட்டின் நிழலுக்கு நடுவே சுமார் ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அது சூரியனின் பிம்பம். ஓரங்களைப் பார்க்காமல் நடுவைக் குறியுங்கள். காலை 10:45-லிருந்து மதியம் 2:15 வரை பத்து நிமிடத்துக்கொரு புள்ளி, பக்கத்திலேயே நேரம்.

5. அடிப்புள்ளியை மையமாக வைத்து, நூலும் பென்சிலும் கொண்டு, காலைப் புள்ளி ஒன்றின் வழியாக வட்டவில் வரையுங்கள். மதியத்துக்குப் பிறகு வெளிச்ச வட்டத்தின் நடு அதே வில்லைத் தொடும் நேரத்தை விநாடியோடு எழுதுங்கள். இப்படி மூன்று நான்கு சோடிகள் எடுத்தால் தப்பான ஒன்று தனியாகத் தெரிந்துவிடும்.

காலைப் புள்ளியையும் மதியப் புள்ளியையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டின் நடுவையும் அடிப்புள்ளியையும் சேர்த்தால் வடக்கு தெற்கு. உங்கள் தீர்க்கரேகையின் ஒரு முழத் துண்டு இப்போது பலகையில் இருக்கிறது. ஸ்தபதிகள் சங்கு எனப்படும் நிழற்குச்சியை நட்டுத் திசை பார்ப்பது இதே முறைதான். காந்த ஊசி ஓரிரு டிகிரி விலகும், மாடியில் கான்கிரீட் கம்பி இருந்தால் இன்னும் கூடுதலாக. நிழலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி கணக்கு. அதற்கு அன்றைய தேதிக்கான இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று சூரியச் சாய்வு: சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே (+) அல்லது தெற்கே (−) நேர்மேலே நிற்கிறது என்பது. மற்றது நாள் திருத்தம்: பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்வாகவும் இருப்பதால் சூரியன் கடிகாரத்துக்கு முந்தியோ பிந்தியோ உச்சிக்கு வரும் அளவு. கோவைக்கான உச்சி நேரத்தையும் 1 மீட்டர் உயரத்துக்கான நிழலையும் (அடிப்புள்ளியிலிருந்து வெளிச்ச வட்டத்தின் நடுவரை உள்ள தூரம்) சேர்த்துத் தருகிறோம்:

ஜனவரி 15: சாய்வு −21.1°, 9 நிமிடம் பிந்தும், உச்சி 12:31, நிழல் 62.7 செ.மீ. வடக்கே
பிப்ரவரி 11: −14.1°, 14 நிமிடம் பிந்தும், 12:36, 47 செ.மீ. வடக்கே
மார்ச் 20: 0°, ஏழரை நிமிடம் பிந்தும், 12:30, 19.4 செ.மீ. வடக்கே
ஏப்ரல் 14: +9.5°, திருத்தம் ஏறத்தாழ இல்லை, 12:22, 3 செ.மீ.க்கும் குறைவு
ஜூன் 21: +23.4°, 2 நிமிடம் பிந்தும், 12:24, 22 செ.மீ. தெற்கே
செப்டம்பர் 23: 0°, ஏழரை நிமிடம் முந்தும், 12:15, 19.4 செ.மீ. வடக்கே
நவம்பர் 3: −15°, 16 நிமிடம் முந்தும், 12:06, 49 செ.மீ. வடக்கே
டிசம்பர் 21: −23.4°, 2 நிமிடம் முந்தும், 12:20, 68.5 செ.மீ. வடக்கே

தைப் பொங்கலன்று அளப்பதாக வைத்துக்கொள்வோம். மிகக் குறுகிய நிழல் 62.7 செ.மீ. அதை 100-ஆல் வகுத்தால் 0.627. கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போட்டால் 32.1°. இதோடு சாய்வைக் கூட்டுங்கள்: 32.1 + (−21.1) = 11.0. அதுதான் அட்சரேகை. டேன் இன்வர்ஸ் போட்டு 0.56 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். ஜூன் மாதம் மாதிரி நிழல் தெற்கே விழுந்தால் கோணத்தைச் சாய்விலிருந்து கழிக்க வேண்டும்: 23.4 − 12.4 = 11.

தீர்க்கரேகைக்கு: காலை 10:58:10-க்கும் மதியம் 2:04:30-க்கும் பிம்பம் ஒரே வில்லைத் தொட்டது என்றால் நடு நேரம் 12:31:20. அன்று சூரியன் 9 நிமிடம் 10 விநாடி பிந்துவதால் அதைக் கழிக்க 12:22:10. 12 மணியிலிருந்து 22 நிமிடம் 10 விநாடி தள்ளி, அதாவது 22.17 நிமிடம். நான்கால் வகுத்தால் 5.54°. 82.5-லிருந்து கழித்தால் 76.96. நடு நேரத்தில் 20 விநாடி பிசகினால் 9 கி.மீ. தவறும், ஒரு நிமிடம் பிசகினால் 27 கி.மீ. உச்சி நேரத்தை மட்டும் பார்த்து "நிழல் எப்போது மிகக் குறுகியது" என்று தேடாதீர்கள். அந்தச் சமயம் பத்து நிமிடத்துக்கு நீளம் மாறுவதே தெரியாது. சோடிப் புள்ளிகள் எடுப்பது இதற்காகவே.

ஏப்ரல் 18, 19 தேதிகளிலும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் சூரியச் சாய்வு 11° ஆகிறது. கோவையில் உச்சிப்பொழுதில் நிழலே விழாது. பொள்ளாச்சிக்கு ஏப்ரலில் ஒருநாள் முந்தி, சேலத்துக்கு இரண்டு நாள் பிந்தி. இரவில் சரிபார்க்க வேண்டுமானால் துருவ நட்சத்திரம்: அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ உங்கள் அட்சக்கோணம் அளவுக்கே உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் சுமார் 10°. நமக்கு அதற்குக் கொஞ்சம் மேலே. வடக்கே மலை இருக்கும் ஊர்களில் மறைந்துவிடும்.

போனில் எண் எடுப்பது

மேப்பில் இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும், கீழே அல்லது தேடல் பெட்டியில் இரண்டு எண்கள் வரும். அவற்றை நகலெடுத்து அனுப்பினால் யாருடைய போனிலும் திறக்கும். நீங்கள் நிற்கும் இடத்தையே எடுக்க, நீலப் புள்ளியைச் சுற்றிய வெளிர் வட்டம் சுருங்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் நில்லுங்கள். திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் துல்லியம் வரும். அடர்ந்த தென்னந்தோப்புக்குள்ளும், கட்டிடச் சுவரோரத்திலும், பாறைச் சரிவிலும் செயற்கைக்கோள் அலை தடைபட்டும் எதிரொலித்தும் வருவதால் இது இரண்டு மூன்று மடங்கு மோசமாகும்.

வால்பாறை, ஆசனூர், தாளவாடிப் பக்கம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். போன் செயற்கைக்கோளிலிருந்து கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. இன்டர்நெட் வேண்டியது படம் இறங்கத்தான். எண்ணை மட்டும் காட்டும் செயலி ஒன்றை முன்னாடியே போட்டு வையுங்கள். டேட்டா இல்லாமல் முதல் எண் வரப் பல நிமிடம் ஆகலாம். அதற்குள் "போன் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண்ணை எழுதி வைத்துக்கொண்டால், டவர் கிடைத்த இடத்தில் குறுஞ்செய்தியாக அனுப்பலாம்.

தாள் வரைபடத்தில் கோவைக்கு வரும் சிக்கல்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் ஒவ்வொன்றும் 15 கோண நிமிடத்துக்கு 15 கோண நிமிடம், அதாவது நம்ம பகுதியில் ஏறத்தாழ 27 கி.மீ. சதுரம். முழு டிகிரிக் கோடுகளில்தான் பெரிய தாள்கள் பிரியும். அந்தக் கோடுகள் கோவைக்குள் வெட்டுவதால், ஒரே மாநகரம் 58 ஏ/16, 58 பி/13, 58 இ/4, 58 எஃப்/1 என்று நான்கு தாள்களின் மூலையில் சிதறிக் கிடக்கிறது. பழைய வரிசைத் தாள் வாங்குகிறவர்கள் நான்கையும் வாங்கி ஒட்டித்தான் ஊரை முழுசாகப் பார்க்க முடியும்.

பழைய தாளில் இன்னொரு கண்ணி. அவை எவரெஸ்ட் நீள்கோளம் என்ற 19-ஆம் நூற்றாண்டு பூமி வடிவத்தை வைத்து வரைந்தவை. போன் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 (WGS 84) என்ற இன்றைய பூமி வடிவம். ஒரே கிணற்றுக்கு இரண்டிலும் எண் ஒன்றாக வராது. நூறு மீட்டருக்கு மேல்கூட விலகும். 2005-க்குப் பிறகு வந்த திறந்த வரிசைத் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பழைய அளவைக்கு வித்திட்டவர் வில்லியம் லாம்டன். 1802-ல் சென்னையில் தொடங்கி, 78° தீர்க்கரேகையை ஒட்டிய பெரும் அளவையை நடத்தியவர். அவர் நட்சத்திரங்களை நோக்கி அட்சம் அளந்த நிலையங்களில் ஒன்று அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவில், 10° 59′-ல் இருந்தது. ஆங்கில ஆவணங்களில் அதன் பெயர் "புட்சபாலியம்" என்று உருமாறிக் கிடக்கிறது.

பூமியைத் தீர்க்கரேகைப்படி மண்டலங்களாகப் பிரித்து, டிகிரிக்குப் பதில் மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் (UTM) முறையில் 78° ஒரு மண்டல எல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு 43-ஆம் மண்டலம். கரூர், நாமக்கல், சேலம் நகரங்கள் 44. காவிரிக் கரையில் எல்லை தாண்டும் ஒரு வாய்க்காலையோ குழாய்ப் பாதையையோ அளக்கும்போது பாதி எண்கள் ஒரு மண்டலத்திலும் மீதி இன்னொன்றிலும் போய், இரண்டு துண்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகி விழும். வேலை தொடங்குமுன்னேயே ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதிலேயே வையுங்கள். மென்பொருளில் இவற்றின் எண்கள் இபிஎஸ்ஜி 32643, 32644.

தோட்டத்து எல்லைக்கு இது உதவுமா?

பரப்பளவை உத்தேசமாகப் பார்க்க உதவும். சதுரமான 1 ஏக்கருக்குப் பக்கம் 63.6 மீட்டர், போன் எண்ணில் அது அட்சத்தில் 0.000575, தீர்க்கத்தில் 0.000582 வித்தியாசமாகத் தெரியும். நான்கு மூலையிலும் நின்று எண் எடுத்துக் கணக்கிடலாம்.

ஆனால் ஒரு பக்கத்தில் 5 மீட்டர் பிசகினால் 318 சதுர மீட்டர், கிட்டத்தட்ட எட்டு சென்ட் கூடும் அல்லது குறையும். அந்த எட்டு சென்ட்டை வைத்துப் பங்காளியிடம் சண்டைக்குப் போகக் கூடாது. பழைய சர்வேயில் வரைந்த புல வரைபடம் சங்கிலி அளவில், கல்லுக்குக் கல் தூரம் பிடித்து வரைந்தது. அதில் அட்சமும் தீர்க்கமும் கிடையாது. மேப்பில் தெரியும் வேலியும் வரப்பும் செயற்கைக்கோள் படத்தில் தெரிபவை மட்டுமே, அந்தப் படமே சில மீட்டர் நகர்ந்து ஒட்டப்பட்டிருக்கலாம். எல்லைத் தகராறு என்றால் சர்வே கல்லைத் தேடி, புல வரைபட நகல் எடுத்து, தாலுகா ஆபீஸில் அளவைக்கு மனுக் கொடுங்கள். போனில் எடுத்த எண், சர்வேயர் வரும் நாளில் புதருக்குள் கல் எங்கே கிடக்கிறது என்று காட்டுவதற்குப் போதும்.